ஆற்றுக்குப் பெயர் சொன்ன யூஸ்தினா

ஸ்டைன்கோப் ஊருக்கு வடக்கே ஆடு மேய்ப்பவர்களில் யூஸ்தினா ஓபிஸைத் தெரியாதவர் இல்லை. அறுபத்தெட்டு வெள்ளாடு, ஒரு தகரக் குடிசை, ஊரைக் கூட்டும் வாய். புருஷன் போன பிறகு மந்தையைத் தனியாகக் காப்பாற்றினாள். கோடையில் அந்த மந்தைக்கு உயிர் ஒரே ஒரு வறண்ட ஆறுதான்.

எங்கள் நாமா மொழியில் அதன் பெயரைச் சொல்ல நாக்கைச் சொடுக்க வேண்டும். வரிக்குதிரை தோண்டும் ஆறு என்று பொருள். வரிக்குதிரை குளம்பால் மணலைக் கிளறும் வளைவில் முழங்கை ஆழத்தில் தண்ணீர் கிடக்கும். எங்கள் ஆட்கள் ஆற்றுக்குப் பெயர் வைத்தது அழகுக்காக அல்ல, தாகத்துக்காக. வரைபடத்தில் மட்டும் அது ஃபூரி ஆறு. பண்ணைக்காரர் ஃபூரியின் தாத்தா எழுதி வைத்தது.

ஆற்றோடு சேர்த்து ஃபூரியின் பண்ணை வளைத்துக்கொண்ட மேய்ச்சல் நிலத்தைத் திரும்பக் கேட்டு யூஸ்தினா வழக்குப் போட்டாள். பழைய பெயரையும் அதன் காரணத்தையும் குடும்பத்தில் இருவர் சொன்னால் வழக்கு நிற்கும் என்றார் வக்கீல். கோர்ட்டில் அவள் சொன்னாள். அடுத்த சாட்சி அவள் தம்பி அபெல். அவள் இடுப்பில் வளர்ந்தவன், அவளோடு அதே மணலைத் தோண்டிக் குடித்தவன்.

"அப்படி ஒரு பேரை நான் கேட்டதே இல்லைங்க. எப்பவும் ஃபூரி ஆறுதான்."

யூஸ்தினா அழவில்லை. அவன் என்ன சொன்னான் என்று, பக்கத்தில் உட்கார்ந்திருந்த அடுத்த குடிசைக்காரி என்னிடம் மூன்று முறை கேட்டாள்.

வழக்கு தோற்றது. அபெலுக்குப் பண்ணையில் வாசல் காவல் வேலையும் ஓர் ஓட்டு வீடும் கிடைத்தன. எதற்குக் கிடைத்தன என்று யாரும் யாரையும் கேட்கவில்லை, எல்லோருக்கும் தெரியும்.

எங்கள் பக்கம் ஜனவரிதான் கடுங்கோடை. அந்த வெயிலில் குட்டிகள் சுருண்டு விழத் தொடங்கின. மானம் மரியாதை பார்த்தால் ஆகாது என்று யூஸ்தினா மந்தையைப் பண்ணை வாசலுக்கே ஓட்டினாள். நானும் கூடப் போனேன். அபெல் பூட்டைத் திறக்கவில்லை.

"குட்டிங்க சாகுதுடா அபெல்."

"தெரியுதுக்கா. ஆத்துக்குப் போக முதலாளி சீட்டு வேணும். இல்லாம விட்டா என் வேலை போயிடும்."

"எந்த ஆத்துக்குடா? பேரைச் சொல்லு. சீட்டு வாங்கிட்டு வரேன்."

அவன் தரையைப் பார்த்தான். அங்கே நீதிபதி இல்லை, வக்கீல் இல்லை, ஃபூரியும் இல்லை. கேட்க நாங்கள் இரண்டு கிழவிகள் மட்டுமே இருந்தோம். உண்மையைச் சொல்லியிருந்தால் அவனுக்கு ஒன்றும் ஆகியிருக்காது.

"ஃபூரி ஆறுதான்க்கா" என்றான்.