வால்வில் இருந்த அம்புக்குறி

ரொட்டியும் இனிப்புப் பணிஸும் விற்று வரும் பாண் ஆட்டோவின் பாட்டுக் கேட்டால் இன்றைக்கும் நான் கதவைச் சாத்திக்கொள்வேன். காரணம் பாணல்ல, பெரிய மாமா.

பெரிய மாமா அம்மாவின் தமையன். திருகோணமலைத் துறைமுகத்தில் கப்பல்களுக்கே குழாய் பூட்டியவர் என்று அம்மா அயலெல்லாம் பெருமையடித்து வைத்திருந்தாள். அந்த வேலை போய் இரண்டு வருடமாக அவருக்கு உருப்படியாக ஒன்றும் அமையவில்லை. நிலாவெளியில் விடுதி கட்டிக்கொண்டிருந்த கூட்டாளியிடம் அப்பா சொல்லி வைத்தார். எங்கள் புதுக் குளியலறையில் மாமாவின் கைவேலையைப் பார்த்துவிட்டு, விடுதி வேலையை அவருக்கே கொடுப்பதாகப் பேச்சு.

எனக்கு அப்போது ஒன்பது வயது. குளியலறைக் குழாய் பூட்ட வந்த மாமா பித்தளை வால்வைத் தூரப் பிடித்தார், கிட்டப் பிடித்தார், பெருவிரலால் தடவினார். பிறகு அதைக் குழாயோடு சேர்த்துப் பிடித்தபடி என்னைக் கூப்பிட்டார்.

"பிள்ளை, இதில ஒரு அம்புக்குறி கிடக்கு. எந்தப் பக்கம் காட்டுது எண்டு சொல்லு பாப்பம். மாமா சோதினை வைக்கிறன்."

அந்த நேரம் பார்த்து ஒழுங்கை முனையில் பாண் ஆட்டோ பாடியது. சீனிப் பணிஸ் முடிந்துவிடுமே! வால்வை நான் ஏறெடுத்தும் பார்க்கவில்லை.

"குளியலறைப் பக்கம், மாமா."

"வடிவாப் பாத்தனியோ?"

"ஓம், ஓம்!" என்று சொல்லிக்கொண்டே ஓடினேன்.

புதுக் குழாயின் முதல் தண்ணீரைச் சாமி அறையில் வைக்க அம்மா செம்போடு நின்றாள். குழாயைத் திறந்ததும் சுவருக்குள் யாரோ சுத்தியலால் அடிப்பதுபோல் டக், டக், டக் என்றது. தண்ணீர் நூலாக வந்தது. அம்மா சமைக்கும் குசினிக் குழாயிலோ கொட்டோ கொட்டென்று கொட்டியது. காற்று அடைத்திருக்கும், போகப் போகச் சரிவரும் என்றார் மாமா.

சரிவரவில்லை. அண்ணன் சும்மா செய்து தந்த வேலையில் குறை சொல்ல அம்மாவுக்கு வாய் வரவில்லை. மாமா வீட்டில் இருக்கும்போது குளியலறைக் குழாயை ஒருவரும் திறக்கக்கூடாது என்று சட்டம் போட்டாள். குசினியிலிருந்து வாளி வாளியாகச் சுமந்து குளித்தோம்.

விடுதிக்காரர் வரும் நாள் நெருங்கியதும் அப்பா பொறுக்கமாட்டாமல் கிண்ணியாவிலிருந்து ஒரு பிளம்பரைக் கூட்டி வந்தார். அவர் குழாயைச் சுவரோடு இறுக்கிப் பார்த்தார், காற்றை வெளியேற்றிப் பார்த்தார், கடைசியில் வால்வைக் கழற்றினார். எங்கள் கெட்ட காலம், மாமாவும் அப்போதுதான் வந்து நின்றார்.

"இத ஆரு பூட்டின? அம்பு தண்ணித் தாங்கிப் பக்கம் பாக்குது. தண்ணி எதிர்த்துக்கொண்டு வந்தா சத்தம் போடாம என்ன செய்யும்?" என்றார் பிளம்பர்.

மாமா என் பக்கம் திரும்பினார். சொல்லத்தான் போகிறார், அப்பா என் முதுகுத்தோலை உரிக்கத்தான் போகிறார் என்று கதவைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

"என்ர பிழைதான் மச்சான்," என்றார் அப்பாவிடம். "கவனிக்காமப் பூட்டிப்போட்டன்."

வால்வைத் திருப்பிப் பூட்டியதும் சத்தம் நின்றது. தண்ணீர் மளமளவென்று வாளியில் விழுந்தது. ஒருவருக்கும் சந்தோசமில்லை. அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு தேத்தண்ணீர் கொண்டுவந்தாள், மாமா குடிக்காமலே போய்விட்டார். நிலாவெளி வேலை கிண்ணியாக்காரருக்குப் போனது. மாமா அதன்பிறகு எந்த வீட்டுக் குழாயையும் தொடவில்லை.

என்னைக் காட்டிக்கொடுக்காத மாமாவுக்கு ஒரு சீனிப் பணிஸ் கொண்டுபோனேன். கையை நீட்டித் துழாவி வாங்கினார். "மாமாவுக்குச் சீனி வருத்தமெல்லோ, இனிப்புச் சாப்பிடக்கூடாது பிள்ளை" என்று சொல்லி அதைப் பக்கத்துக் கதிரையில் வைத்தார். என் பொய் தப்பிவிட்டது என்ற நிம்மதியில் துள்ளிக்கொண்டு வீட்டுக்கு வந்தேன். கப்பலுக்குக் குழாய் பூட்டிய மனிதருக்கு ஓர் அம்புக்குறியைப் பார்க்க என் கண் எதற்கு என்று அன்று நான் யோசிக்கவில்லை. என்னைக் காட்டிக்கொடுத்திருந்தால் மங்கிவந்த தன் கண்ணையும் அவர் காட்டிக்கொடுக்க வேண்டிவந்திருக்கும்.