நேத்துத்தான் பஸ் ஏத்தி உட்டாப்பல

நான்காம் வகுப்பு முழுப்பரீட்சை லீவுக்கு, அம்மாவின் அண்ணன் வந்து என்னைக் கோபிக்குக் கூட்டிப்போனார். ஒரு மாதம்தான் இருந்தேன். அதற்குள் வாடகை சைக்கிளில் குரங்குப் பெடல் போடக் கற்றேன். வாய்க்காலில் மூழ்கப் பார்த்து, பிறகு நீந்தினேன். தொழுவத்தில் கன்று பிறந்ததைப் பார்த்துவிட்டு இரண்டு வேளை சாப்பிடாமல் கிடந்தேன். எல்லாமே எனக்குப் புதிது. வீட்டை விட்டு வந்து ஒரு வருஷம் ஆகிவிட்டதாகவே தோன்றியது. அம்மாவுக்கு என் முகம் மறந்திருக்குமோ என்றுகூடப் பயந்தேன்.

சூலூருக்குத் திரும்பும்போது, அம்மா ஓடிவந்து கட்டிக்கொண்டு அழுவதையும் நான் பெரிய மனசு பண்ணிச் சமாதானம் சொல்வதையும் பஸ்ஸிலேயே ஒத்திகை பார்த்து முடித்திருந்தேன்.

எங்கள் வீடும் தறிக்கூடமும் ஒரே கூரைக்குக் கீழே. அப்பா ஓட்டும் நான்கு விசைத்தறிகளுக்கு வேண்டிய நூலைக் குச்சிகளில் சுற்றிக் கொடுப்பது அம்மா. தார் சுற்றுவது என்போம். குச்சி நிறைந்ததும் மெஷினிலிருந்து கழற்றி, அடுத்ததை மாட்டுவாள். அதை விட்டுவிட்டு அவளால் எங்கும் நகர முடியாது. பிறந்த ஊருக்குப் போயே பல வருஷம் ஆகியிருந்தது. நான் கிளம்பியபோது செய்துகொண்டிருந்ததையே செய்துகொண்டிருந்தவள் நிமிர்ந்து பார்த்தாள்.

“அட, அதுக்குள்ள வந்துட்டயா கண்ணு? நேத்துத்தான் பஸ் ஏத்தி உட்டாப்பல இருக்குது!”

“உனக்கு என்னையத் தேடவே இல்லயாம்மா?” என்று தறிச் சத்தத்துக்கு மேல் கத்தினேன்.

“நாள் போனதே தெரியல கண்ணு” என்று சொல்லிவிட்டுக் குச்சியை மாற்றினாள்.

அம்மாவுக்கு நான் வேண்டாம் என்று முடிவு கட்டினேன். ராத்திரி சோறு இறங்கவில்லை. மாமன் ஊட்டு ருசி கண்டுபோட்டா என்று அப்பா சிரித்தது எரிகிற தீயில் எண்ணெய் ஊற்றினாற்போல் இருந்தது.

மறுநாள் மத்தியானம் கரண்ட் போயிற்று. தறிகள் நின்றால்தான் எங்கள் வீட்டில் மெதுவாகப் பேச முடியும். அம்மா என்னைப் பக்கத்தில் இழுத்து உட்காரவைத்தாள்.

“என்னென்ன பண்ணுன அம்மணி? மொதல்ல இருந்து சொல்லு. வாய்க்கால்ல தண்ணி இன்னும் அப்படியே சில்லுன்னுதான் இருக்குதா?”

கோபத்தில் அந்த ஒரு வருஷத்தையும் நாலே வார்த்தையில் முடித்தேன். சைக்கிள், வாய்க்கால், கன்னுக்குட்டி, பஸ்.

“அப்புறம்?” என்றாள்.

“அவ்வளவுதான்.”

“கன்னு என்ன நெறம்?”

சொல்லவில்லை. அவள் என் முடியை ஒதுக்கிவிட்டபடி காத்திருந்தாள். கரண்ட் வந்ததும் எழுந்து போய்விட்டாள்.

நான் பத்தாவது படிக்கும்போது ஒரு காய்ச்சலில் அம்மா போய்ச் சேர்ந்தாள். கோபியில் இருந்த ஒரு மாதத்தை இன்றும் நாள் நாளாகச் சொல்வேன். அம்மாவோடு இருந்த வருஷங்களோ, எத்தனை துழாவினாலும் ஒரே நாளாகத்தான் கைக்கு வருகின்றன. அதை நினைத்தால் அழுகை வருகிறது.

அன்று மத்தியானம் எனக்குத் தெரிந்ததெல்லாம், அவள் கேட்பதற்கு நான் பதில் சொல்லக் கூடாது என்பதுதான். அந்த மாதத்தில் அம்மாவுக்கு ஒன்றுமே நடக்கவில்லை என்பதும், என்னுடையதில் கொஞ்சம் கேட்கிறாள் என்பதும் எனக்குத் தெரியவில்லை.