வாய்க்கால் தெரு ஜெயித்தபோது

எங்கள் வார்டைப் பெண்களுக்கு ஒதுக்கியிருக்கிறார்கள் என்ற செய்தி வந்தபோது ஊரில் யாரும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. அதுவரை கவுன்சிலராக இருந்த காண்ட்ராக்டர் தன் மனைவியை நிறுத்துவார், பெயர்ப்பலகையில் அந்த அம்மா இருப்பார், நாற்காலியில் இவர் இருப்பார் என்று டீக்கடையிலேயே முடிவு செய்துவிட்டார்கள். எனக்கு அப்போது ஐந்தாம் வகுப்பு. எங்களுடையது, மயிலாடுதுறையிலிருந்து பூம்புகார் போகிற பஸ் நின்று போகும் ஒரு சின்னப் பேரூராட்சி. நின்று போகும் என்பதிலேயே எங்களுக்குக் கொஞ்சம் பெருமை உண்டு. பக்கத்து ஊர்களில் நிற்காது.

நாங்கள் இருந்த வாய்க்கால் தெரு பள்ளத்தில் இருந்தது. வயலில் மிஞ்சுகிற தண்ணீரும் ஊரின் மழைத்தண்ணீரும் தெருவை ஒட்டிய வடிகால் வழியாகத்தான் ஆற்றுக்குப் போக வேண்டும். அதன்மேல் காண்ட்ராக்டர் ஒரு பாலம் கட்டியிருந்தார். பாலம் பார்க்க நன்றாகத்தான் இருந்தது. அடியில் போட்ட குழாய்தான் சின்னது. அடைமழை பிடித்துக்கொண்டால் தண்ணீர் குழாயில் நுழைய முடியாமல் திரும்பி எங்கள் வீடுகளுக்குள் வந்துவிடும். தேர்தலுக்கு முந்தின மழையில் எதிர்வீட்டு அக்காவுக்கு இடுப்பு வலி கண்டது. ஆட்டோ தெருவுக்குள் வர முடியவில்லை. முழங்காலுக்கு மேல் ஓடிய தண்ணீரில் பெஞ்சில் படுக்க வைத்து மெயின் ரோடு வரை தூக்கிப் போனார்கள். பெஞ்சின் முன்கால் ஒன்றைப் பிடித்திருந்தது என் அம்மா.

அம்மா வீட்டிலேயே துணி தைத்துக் கொடுப்பவள். வார்டில் பாதிப் பெண்களின் ரவிக்கை எங்கள் வீட்டு மெஷினில் தைத்ததுதான். தண்ணீர் வடிந்ததும் தெருப் பெண்களைக் கூட்டிக்கொண்டு பேரூராட்சி ஆபீஸுக்குப் போனாள். அங்கே இருந்தவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, உங்கள் கவுன்சிலர் வந்து சொன்னால் பார்க்கலாம் என்று அனுப்பிவிட்டார். குழாய் போட்டவரே கவுன்சிலர் என்பது அவருக்கும் தெரியும்.

ஒதுக்கீட்டுச் செய்தி வந்த சாயங்காலம், துணி வெட்டிக்கொண்டே, தலையை நிமிர்த்தாமல், “நான் நிக்கிறேன்” என்றாள் அம்மா. எங்கே நிற்கப் போகிறாள் என்று புரியாமல் அப்பா வாசலைப் பார்த்தார். பம்புசெட் மோட்டாருக்குச் செம்புக் கம்பி சுற்றிக் காயில் கட்டுகிற தொழில் அவருக்கு. எதையும் கழற்றிப் பார்த்த பிறகுதான் பேசுவார். புரிந்ததும் போய்க் கையைக் கழுவிக்கொண்டு வந்தார். பிறகு, மனு எங்கே கொடுக்க வேண்டும் என்று காலையில் விசாரித்து வருவதாகச் சொல்லிவிட்டுச் சாப்பிட உட்கார்ந்தார். அவ்வளவுதான் எங்கள் வீட்டு ஆலோசனைக் கூட்டம்.

பெரியப்பாவுக்குத்தான் ஆகவில்லை. எங்கள் குடும்பத்துப் பெண்களின் படம் இதுவரை சுவரில் ஒட்டப்பட்டதில்லை என்றார். பக்கத்து வீட்டிலேயே இருந்துகொண்டு, எங்கள் வாசலைக் கடக்கும்போதெல்லாம் வானத்தைப் பார்த்தபடி போனார்.

அம்மா கேட்ட தையல் மெஷின் சின்னம் கிடைக்கவில்லை. பூட்டு சாவி கிடைத்தது. எங்கள் வீட்டுப் பூட்டைக் கையில் தூக்கிப் பிடித்தபடி தெருத்தெருவாக முன்னால் போனது நான்தான். பூட்டு பிரசாரத்துக்குப் போய்விட்டதால் தேர்தல் முடியும்வரை எங்கள் வீடு திறந்தே கிடந்தது.

காண்ட்ராக்டர் தரப்பில் ஜீப், மைக், மேளம் எல்லாம் இருந்தன. அவர்கள் போஸ்டரில் கும்பிட்டபடி காண்ட்ராக்டர் பெரிதாக நிற்பார். வேட்பாளரான அவர் மனைவி, மூலையில், ரேஷன் கார்டில் ஒட்டுகிற அளவில் இருப்பார். அவரை எல்லோரும் காண்ட்ராக்டர் வீட்டம்மா என்போம். நான் அத்தை என்பேன். ரவிக்கை தைக்க வரும்போதெல்லாம் என் கன்னத்தைத் தடவிவிட்டுப் போவார்.

ஒருநாள் உச்சி வெயிலில் அவர்கள் கூட்டம் எங்கள் வீட்டுக்கே ஓட்டுக் கேட்டு வந்தது. எதிராளி வீட்டை விட்டுவிட்டுப் போனால் மரியாதையாக இருக்காது என்று நினைத்தார்களோ என்னவோ. அம்மா மெஷினை நிறுத்திவிட்டு எழுந்து வந்தாள். எல்லோரையும் வாங்க என்றாள். பிறகு அந்த அத்தையைப் பார்த்துக் கேட்டாள்.

“நம்ம தெருவுக்கு என்ன செய்யலாம்னு இருக்கீங்க? நீங்க சொல்லுங்க.”

அத்தை வாயைத் திறப்பதற்குள் காண்ட்ராக்டர் சிரித்தார். “அவளுக்கு என்ன தெரியும்? எல்லாத்தையும் நான்தானே பாத்துக்கப் போறேன்.”

“நான் அவங்களக் கேட்டேன்” என்றாள் அம்மா.

மேளக்காரர் விரலைத் தோலிலிருந்து எடுத்துவிட்டார். அத்தை தன் கால்விரலைப் பார்த்துக்கொண்டு நின்றார். கழுத்தெல்லாம் வியர்த்திருந்தது. அம்மா உள்ளே போய்ச் சொம்பில் தண்ணீர் கொண்டு வந்து அவரிடம் கொடுத்தாள். அவர் அண்ணாந்து, நிறுத்தாமல், சொம்பு காலியாகும்வரை குடித்தார். காண்ட்ராக்டர் நேரமாச்சு என்றார். போய்விட்டார்கள்.

ஓட்டு எண்ணிக்கை எங்கள் பள்ளிக்கூடத்திலேயே நடந்தது. நான் படிக்கிற வகுப்பறைக்குள்ளேயே என்னை விடவில்லை. எனக்கு அது பெரிய அநியாயமாகப் பட்டது. அம்மாவும் அப்பாவும் உள்ளே போக, நான் எதிர்வீட்டு அக்காவோடு கேட்டுக்கு வெளியே நின்றேன். அவர் இடுப்பில், பெஞ்சில் பயணம் போய்ப் பிறந்த குழந்தை இருந்தது. காண்ட்ராக்டர் ஆட்கள் சரவெடியை முன்கூட்டியே ரோட்டில் விரித்து வைத்திருந்தார்கள்.

எங்கள் வார்டு முடிவு வரத் தாமதமானது. வித்தியாசம் ரொம்பக் கொஞ்சம் என்பதால் காண்ட்ராக்டர் மறுபடி எண்ணச் சொன்னார் என்று உள்ளிருந்து வந்த ஒருவர் சொன்னார். மறுபடி எண்ணினார்கள். கடைசியில் ஒலிபெருக்கியில் அம்மாவின் பெயரை, தாத்தாவின் இனிஷியலோடு முழுதாகச் சொன்னார்கள். வீட்டில் யாரும் அப்படிக் கூப்பிடுவதில்லை. யாரோ பெரிய மனுஷியைச் சொல்கிறார்கள் என்று நான் நினைத்த நொடியில் அக்கா என்னைப் பிடித்து உலுக்கினார். விரித்திருந்த வெடியை எங்கள் தெருக்காரர்களே கொளுத்திவிட்டார்கள். காண்ட்ராக்டர் ஆட்கள் தடுக்கவில்லை. மடித்து எடுத்துப் போக அவர்களுக்கும் மனசு வரவில்லை போலிருக்கிறது.

எங்கிருந்தோ பெரியப்பா ஓடி வந்தார். கையில் பெரிய ரோஜா மாலை. முதலில் வெளியே வந்தது அப்பா. “ஜெயிச்சிட்டோம்டா” என்று தழுதழுத்தபடி பெரியப்பா மாலையை அப்பா கழுத்தில் போட்டார். பின்னாலேயே சால்வைகள், கை குலுக்கல்கள், கவுன்சிலர் வீட்டுக்காரர் வாழ்க என்று ஒரு கோஷம். அப்பா அப்படி நின்று நான் பார்த்ததே இல்லை.

அப்பா மாலையைக் கழற்றினார். “ஜெயிச்சது நான் இல்லண்ணே. இந்தா வர்றாங்க பாருங்க” என்றார்.

அவர் அம்மாவை வர்றாங்க என்று சொல்லி அன்றுதான் முதல் தடவை கேட்டேன். அம்மா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு கேட்டைத் தாண்டினாள். அப்பா மாலையை இரண்டு கையிலும் ஏந்திக்கொண்டு நின்றார். ஊர் முன்னால் கழுத்தில் போட வெட்கம். அம்மாவுக்கும் வெட்கம். வாங்கி என் கழுத்தில் போட்டுவிட்டாள். அது என் முழங்காலைத் தாண்டித் தொங்கியது. வீடு வரும்வரை தடுக்கித் தடுக்கித்தான் நடந்தேன், கழற்றச் சம்மதிக்கவில்லை.

தெருமுனையில் மளிகைக்கடை பாய் வருகிறவர்களுக்கெல்லாம் சர்பத் ஊற்றினார். வாசல்களில் பெண்கள் நின்றார்கள். சிலர் ஆரத்தி எடுத்தார்கள், சிலர் சும்மா அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு விட மாட்டேன் என்றார்கள். அன்றைக்கும் மறுநாளும் வந்த அத்தனை பேரும், எங்க வீட்டு ஓட்டு மொத்தமும் உங்களுக்குத்தான் என்றார்கள். காண்ட்ராக்டரின் ஜீப்பில் மைக் பிடித்துக் கத்தியவரும் வந்து அதையே சொன்னார். சொன்னவர்கள் எல்லாம் போட்டிருந்தால் வார்டின் ஜனத்தொகையைவிட அதிக ஓட்டு அம்மாவுக்கு விழுந்திருக்க வேண்டும். அம்மா எல்லோருக்கும் ஒரே மாதிரி நன்றி சொன்னாள்.

சின்னக் குழாயை எடுத்துவிட்டு அகலமான மதகு கட்ட அடுத்த மழைக்காலம் வரை ஆனது. அதற்குள் அம்மா எத்தனை தடவை தஞ்சாவூருக்கும் மயிலாடுதுறைக்கும் அலைந்தாள் என்பது தனிக் கதை. அந்த மழையில் தண்ணீர் எங்கள் வாசலை எட்டிப் பார்க்காமல் ஓடியதை ஊரே குடை பிடித்துக்கொண்டு வந்து பார்த்தது.

ஜெயித்த வாரத்தில் ஒரு மத்தியானம் நடந்ததைத்தான் சொல்ல வந்தேன். அம்மா வழக்கம்போல மெஷினில் இருந்தாள். காண்ட்ராக்டர் வீட்டு அத்தை தனியாக வந்தார். கையில் ரவிக்கைத் துணி. வாங்க என்று எழுந்த அம்மா அளவு டேப்பைக் கையில் எடுத்தாள். அத்தை வாசலை ஒருமுறை திரும்பிப் பார்த்துவிட்டுத் தாழ்ந்த குரலில் சொன்னார்.

“என் ஓட்டும் உங்களுக்குத்தான்க்கா.”

அம்மாவின் கையிலிருந்த அளவு டேப் கீழே விழுந்தது.

எனக்குத் தாங்கவில்லை. “சின்னம் மாறிப்போச்சா அத்தை?” என்றேன்.

“இல்லடா கண்ணு. நல்லாப் பாத்துத்தான் போட்டேன்.”

அத்தை சிரித்தார். அம்மாவும் சிரித்தாள். சிரித்துக்கொண்டே இரண்டு பேரும் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். அவர் போன பிறகு அம்மா என்னைப் பக்கத்தில் உட்காரவைத்து, இதை யாரிடமும், அப்பாவிடம்கூட, சொல்லக் கூடாது என்று சத்தியம் வாங்கினாள். நான் சத்தியத்தைக் காப்பாற்றினேன். வெளியே தெரிந்தால் அத்தைக்குத்தானே அவமானம். அவ்வளவு பெரிய வீடு, ஜீப், மைக் எல்லாம் இருந்தும், உங்கள் சின்னம் இதுதான் என்று அவருக்குச் சொல்லிக் கொடுக்க ஒருத்தர்கூட இல்லையே என்று ரொம்ப நாள் அவருக்காகப் பரிதாபப்பட்டுக்கொண்டிருந்தேன்.