ஒரு கையெழுத்துக்காகத் திருகோணமலைக்கு

வியாழக்கிழமை காலை 6.15க்கு வவுனியாவிலிருந்து பஸ் புறப்பட்டது. தூரம் தொண்ணூற்றைந்து கிலோமீற்றர், மூன்று மணித்தியால ஓட்டம், ஆளுக்கு முந்நூற்றெண்பது ரூபாய். ஒன்பது வயது மகள் ஆரணி யன்னலோரம் இருந்தாள். என் மடியில் ஒரு பிளாஸ்ரிக் கோப்பு. ஹொரவப்பொத்தானை தாண்டியதும் மழை பிடித்தது. யன்னலை மூடினால் மூச்சு முட்டியது, திறந்தால் கோப்பு நனைந்தது. சட்டைக்குள் அதை வைத்துக்கொண்டு மூடாமலே வந்தேன்.

நான் தாதி. இங்கிலாந்தில் ஓர் ஆஸ்பத்திரியில் வேலை கிடைத்திருக்கிறது. பிள்ளையைத் தனியே கூட்டிப் போகும் தாய் அல்லது தகப்பனிடம், மற்றவரின் சம்மதக் கடிதத்தைக் கேட்கிறார்கள். கடிதத்தில் சட்டத்தரணி ஒருவரின் முன்னிலையில் கையெழுத்திட வேண்டும். ஆரணியின் தகப்பன் நேசராசா சல்லியில் கடற்தொழில் செய்கிறார். நாங்கள் பிரிந்து நாலு வருடம், விவாகரத்து எடுக்கவில்லை. கடலை விட்டு வவுனியாவுக்கு வர அவருக்கு மனமில்லை. எனக்குத் திருகோணமலைக்கு இடமாற்றம் கிடைத்த வருடம் நானும் போகவில்லை. பெரிய சண்டை என்று சொல்ல எதுவுமில்லை.

மழையால் பிந்தி 9.40க்கு இறங்கினோம். பஸ் நிலையத்துக்கு வெளியே இரண்டு மான்கள் மழையில் நின்று வாழைத்தோல் தின்றுகொண்டிருந்தன. சட்டத்தரணியின் கந்தோர் உட்துறைமுக வீதியில், பத்து நிமிட நடை. அங்கிருந்து பார்த்தால் துறைமுகம் சாம்பல் நிறமாக, அசைவில்லாமல் கிடந்தது.

நேசராசா முன்னரே வந்து விறாந்தையில் நின்றார். சேட்டு அயன் பண்ணியிருந்தது. "பயணம் சுகமோ? நனைஞ்சு போனீங்களோ?" என்று என்னைக் கேட்டார். கலியாணம் கட்டிய நாளிலிருந்து என்னை 'நீர்' என்றுதான் கூப்பிடுவார். 'நீங்கள்' என்று கேட்டது அதுதான் முதல் தடவை. ஆரணி என் பின்னால் ஒதுங்கினாள். அவர் அவளைத் தொடவில்லை.

சட்டத்தரணி வயதான, நிதானமான மனிதர். பிறப்புச் சான்றிதழையும் அடையாள அட்டையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். பிள்ளையின் சான்றிதழில் தகப்பனின் பெயர் நேசராசா. அடையாள அட்டையில் நேசராஜா.

"ரெண்டும் ஒரே ஆள் எண்டு எனக்குத் தெரியுது, தங்கச்சி. அங்கை கடதாசி பாக்கிறவைக்குத் தெரியாது," என்றார். இரண்டு பெயரும் ஒருவருடையதே என்று ஒரு சத்தியக் கடதாசி வேண்டும், அதற்குக் கிராம சேவகரின் உறுதிக் கடிதம் வேண்டும், கிராம சேவகர் அன்று கூட்டமொன்றுக்குப் போய்விட்டார். சட்டத்தரணி எங்களை வெள்ளிக்கிழமை காலை வரச் சொன்னார். ஒரு எழுத்தால் ஒரு நாள் போயிற்று. இதை வாசிக்கும் யாராவது என்னைப் போல் பிள்ளையோடு தனியே புறப்பட இருந்தால், வேறெதற்கும் முன் எல்லாப் பத்திரத்திலும் பெயர்களை எழுத்தெழுத்தாக ஒப்பிட்டுப் பாருங்கள்.

தங்க இடம் தேடப் போனேன். "அக்கா வீட்டை சமைச்சு வைச்சிருக்கிறா," என்றார் நேசராசா. முச்சக்கர வண்டியில் சல்லிக்குப் போனோம், ஏழு கிலோமீற்றர், எண்ணூறு ரூபாய். நிலாவெளி வீதியில் போய் சாம்பல்தீவில் கடற்கரைப் பக்கம் திரும்ப வேண்டும். வாடைக்காற்றுக் காலம் என்பதால் ஒருவரும் தொழிலுக்குப் போகவில்லை. வள்ளங்கள் எல்லாம் கரையில் ஏற்றி, கிடுகால் மூடிக் கிடந்தன.

மச்சாள், அவரின் அக்கா, எனக்குக் கதிரை எடுத்துப் போட்டா. என்னோடு அதிகம் கதைக்கவில்லை. ஆரணிக்கு மட்டும் முள்ளெடுத்து மீன் வைத்தா, திரும்பத் திரும்ப வைத்தா. நாலு மணிக்கு மழை விட்டபோது தகப்பனும் மகளும் கடற்கரைக்குப் போனார்கள். நான் குசினி வாசலில் நின்று பார்த்தேன். கவிழ்த்து வைத்த வள்ளமொன்றின் மறைவில் காற்றுக்கு ஒதுங்கி, இரண்டு பேரும் இருந்தார்கள். பிறகு அவள் ஏதோ கேட்க, அவர் மணலில் கீறிக் காட்டினார். இருட்டும் வரை அந்தக் கேள்வி முடியவில்லை.

"அங்கை கடல் இருக்கோ?" என்று மச்சாள் என்னிடம் கேட்டா. நான் போகிற ஊர் கடலுக்குத் தூரம் என்றேன்.

வெள்ளி காலை கிராம சேவகர் அரை மணித்தியாலத்தில் கடிதம் தந்தார். பதினொரு மணிக்கு மறுபடியும் சட்டத்தரணியின் மேசை. சத்தியக் கடதாசி முடிந்தது. சம்மதக் கடிதத்தை எடுத்து வாசித்துக்கொண்டு வந்தவர் ஓரிடத்தில் பேனாவை வைத்தார்.

"பிள்ளை திரும்பி வாற திகதி என்னெண்டு போட?"

நேசராசா என் முகத்தைப் பார்த்தார். "மூண்டு வருஷம் எண்டெல்லோ போனிலை சொன்னனீங்கள்?"

வேலை ஒப்பந்தம் மூன்று வருடம். அதைத்தான் சொல்லியிருந்தேன். அதற்குப் பிறகு என்ன என்பதைச் சொல்லவில்லை, அவரும் கேட்கவில்லை. கையெழுத்துக் கிடைத்தால் போதும் என்று இருந்துவிட்டேன். பொய் சொல்ல அப்போதும் ஏலும். மூன்று வருடம் தள்ளி ஏதோ ஒரு திகதியைச் சொன்னால் யாரும் தடுக்கப் போவதில்லை.

"சொன்னனான். ஆனா அவ அங்கை படிக்கத் தொடங்கினால் திரும்பி வருவா எண்டு என்னாலை சொல்ல ஏலாது," என்றேன்.

அவர் எழுந்து விறாந்தைக்குப் போனார். அங்கே மர வாங்கில் இருந்தபடி ஆரணி பிஸ்கற் தின்றுகொண்டிருந்தாள். அவளுக்குப் பக்கத்தில் போய் இருந்தார். சட்டத்தரணி வேறொரு கோப்பைத் திறந்து வாசிப்பதுபோல் இருந்தார். எழும்பிப் போய்விடுவோமா என்று எனக்கே தோன்றியது. கால் மணித்தியாலம் இருக்கும்.

அவர் வந்து கதிரையில் இருக்காமல் நின்றபடியே சொன்னார்: "திகதியை விடுங்கோ ஐயா. நாளைக்கு வளந்தாப் பிறகு, அப்பாதான் மறிச்சவர் எண்டு பிள்ளை சொல்லக் கூடாது."

மூன்று பிரதிகளிலும் கையெழுத்திட்டார். கயிறு இழுத்துக் காய்த்த விரல்களில் பேனா நிற்கவில்லை, மெதுவாகத்தான் எழுதினார். முடிந்ததும் சட்டத்தரணியிடம் தனக்கும் ஒரு பிரதி தரச் சொல்லிக் கேட்டார். எதற்கு என்றார் அவர்.

"என்ர பேரும் பிள்ளையின்ர பேரும் ஒண்டாக் கிடக்கிற கடதாசி என்னட்டை வேறை ஒண்டும் இல்லை."

1.30 பஸ்ஸுக்கு அவர் வந்து ஏற்றிவிட்டார். தண்ணீர்ப் போத்தலும் ஒரு பை கச்சான் கடலையும் வாங்கித் தந்தார். ஆரணியின் தலையில் கை வைத்தார். பஸ் வெளிக்கிட முதலே திரும்பி நடந்துவிட்டார்.

கன்னியா தாண்டியதும் பன்குளத்துக் காடு தொடங்கியது. வவுனியாவில் எங்கள் வீட்டில் இதே நேரம் வெயில் காயும், அயலில் தையல் மெசின் ஓடும். இன்னும் ஆறு கிழமையில் அந்த வீட்டையும் விட வேண்டும். இரண்டு ஊர்களில் எதைப் பிரிகிறேன் என்று எனக்குத் தெளிவில்லை. எல்லாப் பத்திரங்களும் சரி. மொழிபெயர்ப்பு ஒன்றுதான் பாக்கி. மனதில் ஒரு சந்தோசமும் இல்லை.

ஆரணி கோப்பைத் திறந்து கடிதத்தை வாசிக்கத் தொடங்கினாள். எழுத்துக்கூட்டி வாசித்து ஒரு வரியில் நின்றாள்.

"'பூரண விருப்பத்துடன்' எண்டு போட்டிருக்கு. நான் போறது அப்பாவுக்கு விருப்பமோ அம்மா?"

லோயர்மார் அப்படித்தான் எழுதுவினம் என்றேன். அவள் கடிதத்தை மடித்து, மற்றப் பத்திரங்களுக்கு அடியில் வைத்து, கோப்பை என்னிடம் தந்தாள்.