தாளம் தப்பிய சலங்கை

என் நடனப் பள்ளியில் இன்று ஒரு சலங்கை தாளம் தப்பியது. "யாரு?" என்றேன். ஒரு பையன் உடனே பக்கத்துப் பெண்ணைக் காட்டினான்.

எண்பதுகளில், ஆவடி குவார்ட்டர்ஸில், எங்கள் டான்ஸ் மிஸ் கண்ணை மூடிச் சலங்கைச் சத்தத்தைக் கேட்டுத்தான் ஆண்டுவிழாவுக்கு ஆள் எடுப்பார். ஒருநாள் தப்பியது என் உலக்கைக் கால். யாரென்று மிஸ் கேட்டதும், பக்கத்தில் ஆடிய ஸ்டெல்லாவைக் காட்டினேன்.

"நான் இல்ல மிஸ்!"

"பொய் வேற சொல்றியா? கய்ட்டி வெச்சிட்டு ஊட்டுக்குப் போடி."

அழுதுகொண்டே சலங்கையை அவிழ்த்தாள். "ஏன்டா மாட்டிவுட்ட?" என்று மட்டும் கேட்டாள். அப்புறம் வரவேயில்லை. மேடையில் நான் தப்புத்தப்பாக ஆடினேன். கைதட்டினார்கள்.

வாசல் போர்டில் 'தன்னம்பிக்கையும் நற்குணமும் வளர்க்கப்படும்' என்று நானேதான் எழுதினேன். தப்பியது பையனின் கால் என்பதும் எனக்குத் தெரியும். ஆனால் இந்த ஹால் அவன் அப்பாவுடையது.

"நீ போய் உட்காரும்மா" என்றேன் அந்தப் பெண்ணிடம்.