என் பாட்டை நானே தோற்கடித்த ஞாயிறு

சென்ற ஆண்டு டிசம்பர் மாதம், செகந்திராபாத் மாரெட்பள்ளியில், ஒரு ஞாயிற்றுக்கிழமை பிற்பகல் நடந்தது இது. இடம், கார் ஓட்டக் கற்றுத்தரும் ஒரு பயிற்சிப் பள்ளியின் மாடி அறை. சுவர் முழுக்கச் சாலை விதிப் படங்கள். நான் உட்கார்ந்த நாற்காலிக்கு நேர் மேலே இருந்தது, ஹாரன் அடிக்கக் கூடாது என்பதைக் காட்டும் படம். அன்று ஒரு முறையாவது நிமிர்ந்து அதைப் பார்த்திருக்கலாம்.

நாங்கள் பத்துப் பேர் அங்கே மாதம் ஒரு முறை கூடுவோம். யாரும் முறையாகச் சங்கீதம் படித்தவர்கள் அல்ல. வங்கியிலும் பள்ளியிலும் கச்சிபௌலி ஐ.டி. கம்பெனிகளிலும் வேலை பார்த்துக்கொண்டு, சொந்தமாகப் பாட்டு எழுதி மெட்டுப் போட்டுப் பார்க்கிறவர்கள். நான் காஞ்சன்பாக்கில் ஒரு தொழிற்சாலையில் தர ஆய்வுப் பிரிவில் இருக்கிறேன். மேசைக்கு வரும் பொருளில் என்ன குறை என்று கண்டுபிடிப்பதற்குத்தான் எனக்குச் சம்பளம். இருபது வருடத்துக்கும் மேல் அதையே செய்து பழகிய காது, ஞாயிற்றுக்கிழமை மட்டும் விடுப்பு எடுத்துக்கொள்ளாது.

தொடக்கத்தில் யார் எதைப் பாடினாலும் மற்றவர்கள் "சூப்பர்" என்பார்கள். பாடியவரும் பதிலுக்கு, "உங்களுடையதும் சூப்பர்" என்பார். பிறகு சமோசா வரும். இப்படியே போனால் ஒருவரும் தேறப் போவதில்லை என்று நான்தான் சில விதிகளை எழுதிக்கொண்டு போனேன். பாட்டை எழுதியவர் பெயர் யாருக்கும் தெரியக் கூடாது. குரலை வைத்துக் கண்டுபிடிக்காமல் இருக்க, எங்களில் நன்றாகப் பாடக்கூடிய ஒரு பெண்ணே எல்லாப் பாட்டுகளையும் பாட வேண்டும். அவளுக்கு மட்டும் யார் எழுதியது என்று தெரியும். ஒவ்வொரு பாட்டைப் பற்றியும் ஒருவர் விடாமல் பேச வேண்டும். பேசாமல் இருப்பவர்தான் எழுதியவர் என்று தெரிந்துவிடும் அல்லவா? எனவே தன் பாட்டைப் பற்றியும், யாரோ எழுதியது போல முகத்தை வைத்துக்கொண்டு, பேசியே ஆக வேண்டும். கடைசியில் வாக்கெடுப்பு. தன் பாட்டுக்குத் தானே வாக்களிக்கக் கூடாது.

நடைமுறையில் இது நாங்கள் நினைத்ததைவிடக் கடினமாக இருந்தது. நவம்பர் மாதம் ஒரு வங்கி அதிகாரி, "பாட்டு சுமார்தான், ஆனால் இதை எழுதியவரின் மனம் எவ்வளவு ஆழமானது" என்று தழுதழுத்தபோது அறையே சிரித்துவிட்டது. அதற்கு அடுத்த மாதம் வந்தது ஆண்டுப் போட்டி. அதில் வெல்லும் பாட்டை எங்கள் பகுதித் தமிழர்களின் பொங்கல் விழாவில் மேடையில் பாடுவதாக ஏற்பாடு.

அந்த மேடை எனக்கு வேண்டியிருந்தது. காரணம் என் மனைவி.

நாங்கள் குடியிருப்பது மூன்றாவது மாடி. லிஃப்ட் கிடையாது. எங்கே கிளம்பினாலும், கீழே இறங்கி ஸ்கூட்டர் பக்கத்தில் நின்றதும் எனக்குச் சந்தேகம் வந்துவிடும். காஸை மூடினேனா? மேலே போய்ப் பார்ப்பேன். மூடித்தான் இருக்கும். இறங்கி வரும்போது பூட்டு சரியாக விழுந்ததா என்று தோன்றும். திரும்பவும் ஏறுவேன். சில நாள் கீசருக்காக இன்னொரு முறை. திருமணமான நாளிலிருந்து என் மனைவி கையில் பையோடு கீழேயே நின்றுகொண்டிருக்கிறாள். ஒரு வார்த்தை சொன்னதில்லை. நானும் ஒரு வார்த்தை சொன்னதில்லை. காத்திருந்ததற்கு நன்றி என்று பெண்டாட்டியிடம் எந்த முகத்தோடு சொல்வது? சொல்லிவிட்டு அடுத்த நிமிடமே காஸைப் பார்க்க ஏறினால் நன்றாகவா இருக்கும்?

ஆகவே பாட்டாக எழுதினேன். விழாவில் அவள் என் பக்கத்தில் உட்கார்ந்திருப்பாள். வேறொருவர் வாயால் அது அவள் காதில் விழுந்துவிட்டால், நான் வாயைத் திறக்கவே வேண்டியதில்லை. நான் எழுதியது என்று குழுவில் யாரும் ஊகிக்காமல் இருக்க, கீழே நிற்கும் பெண்ணே பாடுவதாக எழுதினேன்.

கீழே நிற்கிறேன் கையில் பையுடன்,
மேலே போனவர் வரட்டும், வரட்டும்.

பல்லவி இதுதான். சரணத்தில், நிற்கிற இடத்திலிருந்து அவள் பார்க்கும் தூண், பூனை, வாட்ச்மேனின் ரேடியோ எல்லாம் வரும்; காஸையும் பூட்டையும் பார்க்க அவர் ஏறி இறங்குவதும் வரும்.

அன்று மூன்றாவதாக இந்தப் பாட்டு வந்தது. கச்சிபௌலியில் வேலை பார்க்கும் அந்தப் பெண் கண்ணை மூடிக்கொண்டு பாடினாள். நானே பாடிக் கைபேசியில் பதிவு செய்து கேட்டபோது இல்லாத ஏதோ ஒன்று அவள் குரலில் வந்து சேர்ந்திருந்தது. முடிந்ததும் இரண்டு பேர் நன்றாக இருக்கிறது என்றார்கள். என் முறை வந்தது.

வங்கி அதிகாரிக்கு நேர்ந்தது எனக்கு நேரக் கூடாது. கொஞ்சம் கடுமையாகப் பேசினால் போதும் என்றுதான் ஆரம்பித்தேன். 'கீழே', 'மேலே' என்பது காதுக்கு எதுகை போலத் தோன்றும், ஆனால் எதுகை இல்லை என்றேன். ஒரே சொல்லை இரண்டு தரம் போட்டிருப்பது அழகுக்காக அல்ல, தாளத்தில் இடம் மிச்சம் இருந்ததால் என்றேன். அது எனக்கு நிச்சயமாகத் தெரியும். எதிரே இருந்தவர்கள் தலையாட்டத் தொடங்கினார்கள். அவர்கள் தலையாட்டத் தலையாட்ட எனக்கு வேகம் வந்தது. தூண், பூனை, ரேடியோ என்று அடுக்குவது பாட்டா, குடோன் சரக்குக் கணக்கா என்று கேட்டேன். 'கீழே' என்னும் இடத்தில் மெட்டு மேலே போகிறது, 'மேலே' என்னும் இடத்தில் இறங்குகிறது, எழுதியவருக்குத் திசையே தெரியவில்லை என்றேன். முதலில் பாராட்டிய இருவரில் ஒருவர், "ஆமாம், இப்போதுதான் கவனித்தேன்" என்று கட்சி மாறினார். பாடிய பெண் தண்ணீர் பாட்டிலை எடுத்து வாயோடு வைத்துக்கொண்டு சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள். அவள் தோள் குலுங்கியது.

அத்தோடு நிறுத்தியிருக்கலாம். ஆனால் மேலே போனவர் மீது எனக்கு இயல்பாகவே ஒரு பரிவு இருந்தது. அவர் ஏறி இறங்குவதில் என்ன தவறு, குடும்பத்தின் பாதுகாப்புக்காகத்தானே செய்கிறார், காஸ் திறந்திருந்தால் என்ன ஆகும், கீழே சும்மா நிற்கிறவருக்கு இதில் உருகிப் பாட என்ன இருக்கிறது என்று கேட்டுவிட்டேன்.

அந்த அறைக்குச் சொந்தக்காரர், பயிற்சிப் பள்ளியை நடத்தும் மேடம், அதுவரை ஜன்னலோரம் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். நான்கு தலைமுறையாகச் செகந்திராபாத்தில் இருக்கும் குடும்பம். ஏன் என்பதற்குக் 'கைக்கு', ஆமாம் என்பதற்கு 'ஹவ்', வேண்டாம் என்பதற்கு 'நக்கோ' என்று ஊர் உருது அவர் தமிழில் கலந்து வரும். எத்தனையோ பேருக்கு நகரத்து நெரிசலில் கார் ஓட்டக் கற்றுக்கொடுத்த குரல். அந்த வருடம் முழுக்க அவருடைய பாட்டுகளை நான் பலமுறை குறை சொல்லிக் கிழித்திருக்கிறேன், அப்போதெல்லாம் அவர் ஒன்றும் சொன்னதில்லை. இப்போது எழுந்து நின்றார்.

"கைக்கு சார் இப்படிப் போட்டு மிதிக்கறீங்க? ஹவ், எதுகை இல்ல. இருந்திருந்தா அந்த ஆளு சீக்கிரம் இறங்கி வந்துருப்பாரா?"

அறை சிரித்தது. நானும் விதிப்படி புன்னகை செய்தேன்.

"மெட்டு இறங்குதுன்னீங்க. மேலே போனவரை நெனச்சா குரல் இறங்கத்தான் செய்யும். எழுதின அம்மாவுக்குத் தெரியாமலா அப்படிப் போட்டிருக்கும்?"

எழுதிய அம்மாவுக்குத் தெரியாது என்பதுதான் உண்மை. கீபோர்டில் வேறு வழி கிடைக்காமல் நான் இறங்கிய இடம் அது. ஆனால் அவர் சொன்னதும் அதுதான் சரி என்று எனக்கே பட்டது. ஒத்துக்கொண்டால் மாட்டிக்கொள்வேன் என்ற பயத்தில், அதெல்லாம் நாமாகக் கற்பிக்கும் அர்த்தம் என்று இன்னும் பலமாக மறுத்தேன்.

அவர் என்னையே பார்த்துக் கேட்டார். "சார், நீங்க என்னைக்காவது கீழே நின்னுருக்கீங்களா?"

நான் யோசித்தேன். நின்றதே இல்லை. இல்லை என்றேன்.

"அப்ப உக்காருங்க" என்றார்.

உட்கார்ந்தேன். ஆனால் அதற்குள் வேலை முடிந்துவிட்டது. அடுத்துப் பேசிய எல்லோரும் என் குறைகளையே திருப்பிச் சொன்னார்கள். ஒருவர் நான் கவனிக்காத ஒரு தாளப் பிசகையும் சேர்த்துக் கொடுத்தார். என் சொந்தப் பாட்டுக்கு எதிராக இவ்வளவு பெரிய கூட்டத்தைத் திரட்டிய பெருமையோடும், பொங்கல் மேடை கைநழுவிப் போன வருத்தத்தோடும் உட்கார்ந்திருந்தேன்.

வாக்குகளை எண்ணினோம். மேடத்தின் பாட்டுதான் வென்றது. ஆர்.டி.ஓ. தேர்வுக்குப் போகும் ஒருவரின் பதற்றத்தைப் பற்றிய நல்ல வேடிக்கைப் பாட்டு அது. நானும் அதற்குத்தான் போட்டிருந்தேன். என் பாட்டுக்கு விழுந்தது ஒரே வாக்கு. அது யாருடையது என்று கேட்க வேண்டியிருக்கவில்லை.

பெயர்களை அறிவிக்கும் நேரம் வந்தது. பாடிய பெண் ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டு வந்து, மூன்றாம் பாட்டில் நிறுத்தி என்னைப் பார்த்தாள். "அங்கிள், நீங்களே சொல்லிடுங்க ப்ளீஸ், என்னால முடியல" என்றாள்.

நான் கையைத் தூக்கினேன். சிறிது நேரம் யாருக்கும் புரியவில்லை. பிறகு அறை வெடித்தது. வங்கி அதிகாரி நாற்காலியிலிருந்து நழுவி எழுந்தார். மேடம் மட்டும் சிரிக்கவில்லை. இடுப்பில் கை வைத்துக்கொண்டு, "அப்ப அந்த மேலே போறவரு நீங்கதானா?" என்றார். ஆமாம் என்றேன். "வீட்ல அவங்களுக்குத் தெரியுமா, இப்படி ஒரு பாட்டு இருக்குன்னு?" தெரியாது, விழாவில் கேட்கட்டும் என்று நினைத்தேன் என்றேன். சிரிப்பு அடங்கிவிட்டது.

மேடம் ஒரு நிமிடம்கூட யோசிக்கவில்லை. தன் பாட்டு அடுத்த வருடமும் இருக்கும், ஆர்.டி.ஓ. எங்கேயும் போய்விடாது, பொங்கலுக்குச் சாருடைய பாட்டைப் பாடட்டும் என்றார். நான் உடனே எழுந்தேன். வாக்கெடுப்பில் வென்ற பாட்டுக்குப் பதிலாகத் தோற்ற பாட்டைப் பாட விதியில் இடமில்லை, அப்படிச் செய்தால் அடுத்த ஆண்டு எவருக்கும் விதிமேல் மரியாதை இருக்காது என்று விளக்க ஆரம்பித்தேன்.

"நக்கோ சார்" என்று கையைக் காட்டினார் அவர். "ஒரே பாட்டுக்கு எதிரா ஒரே நாள்ல ரெண்டு தடவை பேசாதீங்க."

பொங்கல் விழாவில் அந்தப் பெண் பாடினாள். யார் எழுதியது என்று சொல்ல வேண்டாம் என்று கேட்டுக்கொண்டிருந்தேன். பூனை வந்த இடத்தில் அரங்கத்துப் பெண்கள் சிரித்தார்கள். என் மனைவியும் சிரித்தாள். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டு மேடையையே பார்த்துக்கொண்டிருந்தாள். என் பக்கம் திரும்பவே இல்லை. முடிந்ததும் கை தட்டினாள், மற்றவர்கள் தட்டிய அளவுதான்.

வெளியே ஸ்கூட்டரை எடுக்கும்போதுதான் பேசினாள்.

"நம்ம வால் அறுந்த பூனைய ஊரு பூரா கேக்க வச்சிட்டீங்க."

தெரிந்துவிட்டது. பாட்டு எப்படி இருக்கிறது என்று, சாவியைப் பார்த்துக்கொண்டே கேட்டேன்.

"நல்லாத்தான் இருக்கு. ஒரு இடம் மட்டும் தப்பு."

எதுகையா என்றேன்.

"அதெல்லாம் எனக்கு என்னத்தத் தெரியும். 'கோபம் ஒருநாளும் கொண்டதே இல்லை'ன்னு அந்தப் பொண்ணு பாடினா பாருங்க, அது பொய். எனக்கு ஒவ்வொரு தடவையும் கோவம் வந்திருக்கு. உங்க ஆபீஸ்காரர் வீட்டுக் கல்யாணத்துக்கு, தாலி கட்டி முடிச்ச பொறவு போயி நின்னோம்லா? அன்னைக்கு இந்தச் சாவியச் சாக்கடையில போட்டுட்டு ஆட்டோ புடிச்சிப் போயிரலாம்னு பாத்தேன்."

ஏன் ஒரு நாளும் சொல்லவில்லை என்று கேட்டேன்.

"நீங்கதான் மேலே இருந்தீங்களே, யாருகிட்டச் சொல்ல" என்று சொல்லிவிட்டு வண்டியில் ஏறி உட்கார்ந்தாள். வீடு வரும்வரை என் தோளில் அவள் கை இருந்தது. அது மன்னிப்பா, விழாமல் இருக்கப் பிடித்துக்கொண்டதா என்று நான் ஆராயவில்லை.

அந்த வாரமே அந்தச் சரணத்தை மாற்றி எழுதினேன். சாவி வந்தது, சாக்கடை வந்தது, ஆட்டோ வந்தது. எதுகை இப்போதும் இல்லை. குழுவில் பாடிக் காட்டியபோது மேடம், இப்போதுதான் பாட்டில் ஒரு ஆள் நிற்கிறாள் என்றார்.

தாளத்தையும் மெட்டையும் பற்றி நான் இன்றும் குறை சொல்லத்தான் செய்கிறேன். ஆனால் வாயைத் திறப்பதற்கு முன், இந்தப் பாட்டுக்குள் இருக்கும் மனிதர் இதைக் கேட்டால் என்ன சொல்வார் என்று என்னையே ஒருமுறை கேட்டுக்கொள்கிறேன், பெரும்பாலும் பதில் தெரியாததால் அன்றைக்குக் கொஞ்சம் மெதுவாகவே பேசுகிறேன்.