பிஸ்கட் டின்னுக்குள் சிரிப்பு

வாப்பா இறந்து நாற்பதாம் நாள் கத்தம் இன்னும் ஓதவில்லை. வருகிறவர்கள் அவருடைய பகிடிகளைச் சொல்லிச் சிரிக்கிறார்கள். எனக்கு ஒன்று மட்டுமே நினைவில் நிற்கிறது.

வாப்பா காலிதீன், கல்முனைக்குடியில் ரேடியோ திருத்துபவர். சவூதியிலிருந்து வரும் பற்றரி விளையாட்டுச் சாமான்கள் பழுதானாலும் அவரிடம்தான் வரும். திருத்துவதோடு நிற்கமாட்டார். சைரன் ஊதிய பொலிஸ் காரைப் பூனைபோல் கத்தவைத்தார். சொந்தக்காரர் ஏசினார், பிறகு மச்சானைப் பயமுறுத்தக் கொண்டுபோனார்.

எண்பத்தாறில் சாச்சியின் மகளுக்குக் கலியாணம். மாப்பிள்ளை மசூர் எங்கள் வளவிலிருந்த பெண்வீட்டுக்குக் குடிவந்தார். புது மாப்பிள்ளையைப் பகிடி பண்ணாமல் விடுவது எங்கள் குடும்பத்தில் மரியாதைக் குறைவு. வாப்பா, சிரிக்கும் பொம்மையொன்றைப் பிரித்து, வெளிச்சம் பட்டதும் ஓடும்படி அதன் நெஞ்சில் ஒளியுணரி ஒன்றை வைத்தார். அந்த மின்சுற்றைப் பின்னர் தொழில்நுட்பக் கல்லூரியில் படித்தேன், பிழையில்லாத சுற்று. மாப்பிள்ளை அவசரத்தில் நிறுத்திவிடக் கூடாதென்று வாப்பா ஆளியை வெட்டி எறிந்தார். பொம்மையைப் பிஸ்கட் டின்னில் வைத்து மூடினார்.

"மாப்பிளைக்கு நெஞ்சடைச்சா ஆரு பதில் சொல்ற?" என்றார் உம்மா.

"பயந்தாங்கொள்ளி எண்டா இப்பவே தெரிஞ்சிக்கிறது நல்லம்கா."

டின் மசூரிடம் போகவில்லை. கொடுக்க இருந்த அன்று காலை இராணுவச் சுற்றிவளைப்பு. இரண்டு சிப்பாய்கள் எங்கள் வீட்டுக்குள் வந்தார்கள். வயர்த்துண்டு வைத்திருந்ததற்கும், குண்டு செய்கிறார்கள் என்று ஆட்களைப் பிடித்துப்போன காலம். போன சிலர் திரும்பவில்லை. எங்கள் வீடு முழுக்க வயர்.

ஒருவன் டின்னைத் தூக்கிப் பாரம் பார்த்தான்.

"போனிக்கா, மாத்தயா... போனிக்கா." பொம்மைக்கான சிங்களச் சொல் வாப்பாவுக்குத் தெரியும். திறந்தால் சிரிக்கும் என்று சொல்லத் தெரியாது.

மூடி திறந்தது. வயர்கள் தெரிந்தன. பொம்மை உரக்கச் சிரித்தது.

டின் விழுந்தது. துவக்கு வாப்பாவின் கழுத்தில் முட்டியது. உம்மா என் முகத்தைத் தன் வயிற்றோடு அழுத்தினார். ஒரு கண்ணால் பார்த்தேன். பொம்மை தரையில் கிடந்து சிரித்தது. நிறுத்த ஆளி இல்லை.

வாப்பா மெல்லக் குந்தினார். துவக்கும் கூடவே இறங்கியது. உள்ளங்கையால் பொம்மையின் நெஞ்சை மூடினார். சிரிப்பு நின்றது. கையை எடுத்தார், சிரித்தது. மூடினார், நின்றது.

துவக்குக்காரன் தானும் கையை வைத்துப் பார்த்தான். பிறகு சிரித்தான். திரும்பவும் செய்து காட்டச் சொல்லிச் சைகை காட்டினான். வாப்பா செய்தார். மற்றவனுக்காகவும் செய்தார். அவர்கள் சிரித்தார்கள், பொம்மை சிரித்தது. வாப்பாவின் சாரன் நனைந்திருந்தது.

அவர்கள் போன பிறகும் அவர் எழும்பவில்லை.

"கைய எடுங்க வாப்பா. போயிட்டானுகள்."

"எடுத்தா சிரிக்கும் புள்ள."

பொம்மையின் முதுகைத் திறந்து பற்றரிகளை நான்தான் கழற்றினேன். அவரிடம் காட்டினேன். அப்போதும் அவர் கையை எடுக்கவில்லை.